காதலும் கொடுங்கோலும்: விடுமுறையில் பிள்ளைகள் படிக்கும் நாவல்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இளையோர் நாவல்கள். அதிலும் இரண்டு வகை. ஒன்று, காதல் கதை. இன்னொன்று, டிஸ்டோபியா என்கிறார்களே, வருங்காலத்தில் ஒரு கொடுங்கோல் அரசு மனிதர்களை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கும் என்று எண்ணிப்பார்க்கும் கதை. ஆங்கிலத்தில் படிக்கப் பழகிய நம் பிள்ளைகள் பலர் விடுமுறையில் தலையணைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொள்வது இந்த இரண்டு வகைப் புத்தகங்களைத்தான்.

பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது? ஒண்ணு காதல், இல்லேன்னா கொலை. உருப்படியா எதையாவது படிக்கச் சொல்லுங்களேன்.” அக்கறையிலிருந்து பிறக்கும் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் காதலும் கொடுங்கோலும் தற்செயலாகச் சேர்ந்து வரவில்லை. யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு மனிதப் பிள்ளை தானே எடுக்கும் முதல் பெரிய முடிவு, யாரை நேசிப்பது என்பது. மனிதர்களை முழுதாக ஆள நினைக்கிற எந்த அதிகாரமும் முதலில் கைவைப்பது அங்கேதான். அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உறைக்கும்படி சொல்கின்றன இந்த நாவல்கள். ஆகவே இவை உருப்படியான புத்தகங்கள். இதுதான் என் கட்சி. இனி வாதத்துக்கு வருகிறேன்.

முதலில் கோடை. ஏன் கோடையில் இவை இத்தனை ஈர்க்கின்றன? பள்ளி நாட்களில் ஒரு பிள்ளையின் பொழுது முழுவதும் பிறர் வகுத்த பொழுது. எப்போது எழுவது, எப்போது படிப்பது, எந்த வரிசையில் உட்காருவது, எல்லாமே பிறர் முடிவு. விடுமுறையில்தான் பொழுது தன் கைக்கு வருகிறது. பொழுது கைக்கு வந்ததும் கூடவே கேள்விகளும் வருகின்றன. நான் யார்? எனக்கு என்ன பிடிக்கும்? என்னை யாருக்குப் பிடிக்கும்?

அமெரிக்க எழுத்தாளர்கள் இதை வெகுநாள் முன்பே கண்டுகொண்டார்கள். மொரீன் டேலி என்ற இளம்பெண் கல்லூரியில் படிக்கும் காலத்திலேயே எழுதிய ‘செவன்டீன்த் சம்மர்’ என்ற நாவல் 1942இல் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபான் டு லாக் என்ற ஏரிக்கரை ஊர். பதினேழு வயது ஏஞ்சி. பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. கோடை முடிந்தால் சிகாகோவில் கல்லூரி. இடையில் கிடைக்கிற கொஞ்ச காலத்தில், ரொட்டிக் கடைக்காரர் மகன் ஜாக்கோடு ஒரு காதல். பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. படகில் போகிறார்கள், நடக்கிறார்கள், பேசுகிறார்கள், தயங்குகிறார்கள். கோடை முடிகிறது, பிரிகிறார்கள். இளையோர் நாவல் என்ற வகைக்கே தொடக்கங்களில் ஒன்றாக இந்த நூலைச் சொல்வார்கள். கவனியுங்கள், இந்த வகை பிறந்ததே ஒரு கோடை விடுமுறைக்குள்தான்.

அந்த மரபு இன்னும் அறுந்துபோகவில்லை. ஜென்னி ஹான் 2009இல் எழுதிய ‘தி சம்மர் ஐ டர்ன்ட் ப்ரெட்டி’யில், பெல்லி என்ற பெண் ஒவ்வொரு கோடைக்கும் தன் அம்மாவின் தோழியுடைய கடற்கரை வீட்டுக்குப் போகிறாள். 2022இல் அது தொடராக வந்தபோது நம் ஊர்ப் பிள்ளைகளும் பார்த்தார்கள். சந்தியா மேனனின் ‘வென் டிம்பிள் மெட் ரிஷி’ 2017இல் வந்தது. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியக் குடும்பத்துப் பெண் டிம்பிள், சான் ஃபிரான்சிஸ்கோவில் கணினி நிரல் எழுதும் கோடைக்கால முகாமுக்குப் போகிறாள். அங்கே ஒரு பையன் வந்து, எதிர்கால மனைவியே என்று சிரித்தபடி வாழ்த்துச் சொல்கிறான். இருவர் வீட்டுப் பெற்றோரும் பேசி வைத்திருக்கிறார்கள். அவனுக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. கையிலிருந்த குளிர்ந்த காப்பியை அவன் மேல் வீசிவிட்டு ஓடுகிறாள்! அந்த இடத்தில் சிரிக்காத வாசகர் இருக்கமுடியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. பெற்றோர் பார்த்த பையன் நல்லவனாகவே இருந்தாலும், அவளைக் கேட்காமல் பேசி முடித்தது சரியா? இந்த ஒரு கேள்வியைத்தான் டிஸ்டோபியா நாவல்கள் கடைசி எல்லைவரை கொண்டுபோகின்றன.

வாருங்கள், அந்த எல்லைக்குப் போவோம்.

சூசன் காலின்ஸ் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008 செப்டம்பரில் வெளிவந்தது. கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டு வாக்கியம். வட அமெரிக்கா அழிந்துபோன இடத்தில் ஒரு தலைநகரமும் அதற்கு அடிமைப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களும் இருக்கின்றன. எப்போதோ கலகம் செய்ததற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று இருபத்து நான்கு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிடித்துப்போய், ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை ஒருவரை ஒருவர் கொல்லவைத்து, அதை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். 

கொடூரமாக இருக்கிறதா? இந்த எண்ணம் தனக்கு எப்படி வந்தது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். ஒருநாள் இரவு தொலைக்காட்சியில் சேனல் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். ஒன்றில் இளைஞர்கள் போட்டி போடும் ரியாலிட்டி ஷோ. இன்னொன்றில் இளைஞர்கள் சண்டையிடும் உண்மையான ஈராக் போர். அசந்த கண்ணில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது அவருடைய தந்தை வியட்நாம் போருக்குப் போயிருந்தார். வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போது போர்ச் செய்தி வந்தால் அந்தச் சிறுமிக்கு அது செய்தியாக இருந்திருக்குமா? அப்பாவைத் தேடும் இடமாகத்தானே இருந்திருக்கும்! எனவே இந்தக் கொலை விளையாட்டு, வாசகரைக் கவர்வதற்காக யாரோ யோசித்துப் பிடித்த உத்தி அல்ல. போரின் நிழலில் வளர்ந்த ஒரு பெண்ணின் உள்ளத்திலிருந்து வந்தது.

இந்த நாவலில் காதல் எங்கே வருகிறது பாருங்கள். காட்னிஸ் என்ற பதினாறு வயதுப் பெண்ணும், அதே ஊரைச் சேர்ந்த பீட்டா என்ற பையனும் களத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். விளையாட்டுக்கு முன் தொலைக்காட்சிப் பேட்டி. கோடிப் பேர் பார்க்கும் அந்த மேடையில், இந்தப் பெண்ணை நான் நெடுநாளாக நேசிக்கிறேன் என்று பீட்டா சொல்லிவிடுகிறான். உடனே அவர்களுடைய வழிகாட்டி ஹேமிட்ச் அதையே ஓர் உத்தியாக்குகிறான். காதலர்கள் என்றால் பார்ப்பவர் மனம் இளகும். இளகினால் பணக்காரர்கள் உதவிப் பொருள் அனுப்புவார்கள். அனுப்பினால் உயிர் பிழைக்கலாம். களத்தில் ஒரு குகைக்குள் பீட்டா காய்ச்சலில் துடிக்கிறான். காட்னிஸ் அவனுக்கு முத்தம் கொடுக்கிறாள். சற்று நேரத்தில் வானத்திலிருந்து ஒரு சிறு பாராசூட்டில் சூடான சூப்புப் பாத்திரம் இறங்குகிறது. முத்தத்துக்குக் கூலி!

நண்பர்களே, அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். பசித்த பிள்ளைகளை அன்பு காட்டவைத்து, அந்த அன்பை வேடிக்கை பார்த்து, பிடித்திருந்தால் ஒரு பாத்திரம் சூப்பு அனுப்புகிறது ஓர் அரசு. இதைவிட நுட்பமான கொடுமை உண்டா? அடித்தால் உடம்பு வலிக்கும். இது உள்ளத்தையே குழப்புகிறது. எது என் அன்பு, எது நான் நடித்த அன்பு என்று காட்னிஸுக்கே தெரியாமல் போகிறது. அடுத்து வரும் இரண்டு நூல்களிலும் அந்தக் குழப்பம் அவளை விடுவதில்லை. இன்றைய பிள்ளைகளைக் கேளுங்கள். எதைச் செய்தாலும் படம்பிடித்துப் போட்டு, எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எண்ணிப் பார்க்கிற காலத்தில் வளர்கிறார்கள் அவர்கள். அந்தக் குகைக் காட்சி அவர்களுக்கு யாரும் விளக்காமலே புரிகிறது.

காட்னிஸின் அன்பில் இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவள் களத்துக்குப் போவதே காதலுக்காக அல்ல. குலுக்கலில் வந்தது அவள் பெயரே அல்ல. பன்னிரண்டு வயதுத் தங்கை பிரிம்மின் பெயர். தங்கைக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்னே வருகிறாள். களத்தில் ரூ என்ற இன்னொரு சிறுமி சாகும்போது, அவளுக்காகப் பாடுகிறாள். உடம்பைப் பூக்களால் மூடுகிறாள். கொலைக்களத்தில் பூ! அரசு எழுதிக்கொடுத்த நாடகத்தில் இல்லாத காட்சி அது. கலகம் அங்கேதான் தொடங்குகிறது, துப்பாக்கியில் அல்ல.

அடுத்து, இன்றைய என் பொருளுக்கு மிக நெருக்கமான நூல். லாரன் ஆலிவர் எழுதிய ‘டெலிரியம்’, 2011. இதில் அமெரிக்க அரசு காதலையே ஒரு நோய் என்று அறிவித்துவிட்டது. கொடிய தொற்றுநோய். பதினெட்டு வயதானால் ஒவ்வொருவருக்கும் மூளையில் ஓர் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு காதல் வராது. அரசு ஒரு சிறு பட்டியல் தரும். அதிலிருந்து துணையைத் தேர்ந்துகொண்டு, சண்டையும் இல்லாமல் ஆசையும் இல்லாமல் காலம் தள்ளலாம். நகரத்தைச் சுற்றி மின்வேலி. வேலிக்கு வெளியே காடு. சிகிச்சைக்கு உட்படாதவர்கள் ஒளிந்து வாழும் இடம். பள்ளியில் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். எதற்கு? காதல் நோய் வந்தால் கதி இதுதான் என்று எச்சரிப்பதற்கு!

கதாநாயகி லீனாவுக்குச் சிகிச்சை நாள் செப்டம்பரில். நாவல் நடப்பது அதற்கு முந்தைய கோடையில். இவள் புரட்சிக்காரி அல்ல. சிகிச்சைக்குப் பயந்து ஓடுகிறவளும் அல்ல. அந்த நாள் எப்போது வரும் என்று நாட்களை எண்ணிக் காத்திருக்கிறாள்! ஆலிவரின் திறமை இங்கேதான் இருக்கிறது. கொடுங்கோல் வெளியிலிருந்து மிரட்டுவதை எல்லோரும் எழுதுவார்கள். அது ஒரு நல்ல பெண்ணின் மனத்துக்குள் குடியேறி, அவளுடைய சொந்த விருப்பமாகவே பேசுவதை எழுதுவதுதான் கடினம். லீனா பாதுகாப்பை விரும்புகிறாள். ஏன் விரும்பமாட்டாள்? நோய் முற்றித் தற்கொலை செய்துகொண்டவள் என்று அவளுக்குச் சொல்லப்பட்ட அம்மாவின் மகள் அவள். ஊர் அவளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது.

ஆனால் அந்த அம்மாவைப் பற்றி லீனாவுக்கு ஒரு நினைவு இருக்கிறது. சன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள் மகள்களோடு ஆடிப் பாடிய அம்மா. இந்த நாவலின் மையம் எனக்கு லீனாவும் அவள் காதலன் அலெக்ஸும் சந்திக்கும் இடம் அல்ல. அந்தச் சன்னல் மூடிய வீடுதான். காதலைப் பிடுங்கப் போன அரசு தாய்ப்பாசத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது. சிகிச்சை முடிந்த தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள், துணி மாட்டிவிடுவார்கள், பாசம் வைக்கமாட்டார்கள். அன்பைப் பாகம் பிரித்து, இந்தப் பங்கு மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கமுடியுமா? முடியாது என்கிறார் ஆலிவர். காதல் கதை படிக்கிறாளே என்று மகளைக் கண்டிக்கும் அம்மா ஒருவர், இந்த நாவலைப் படித்தால் அதில் தன்னைத்தான் முதலில் காண்பார்.

ஆலி காண்டி என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை 2010இல் எழுதிய ‘மேட்ச்ட்’ இன்னொரு வகை. இங்கே அடி, உதை, மின்வேலி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சுத்தம், எல்லாம் ஒழுங்கு. பதினேழு வயதில் ஒரு விருந்து வைத்து, கணக்குப் போட்டு, உனக்கு ஏற்ற துணை இவன் என்று திரையில் காட்டிவிடுவார்கள். காசியாவுக்குக் காட்டப்படுபவன் அவளுடைய பால்ய நண்பன் ஸாண்டர். நல்லவன், அழகன். ஆனால் வீட்டுக்கு வந்து, அவனைப் பற்றிய விவர அட்டையைத் திரையில் போட்டுப் பார்க்கும்போது, ஒரு கணம் வேறொருவன் முகம் தெரிந்து மறைகிறது. கய் என்ற பையன். மணம் செய்யும் உரிமையே மறுக்கப்பட்டவன்.

இந்தச் சமூகத்தில் பாடல்கள் நூறு, ஓவியங்கள் நூறு, கவிதைகள் நூறு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் அழித்துவிட்டார்கள். நிறைய இருந்தால் மக்களுக்குக் குழப்பமாம்! கையால் எழுதவே யாருக்கும் கற்றுத்தருவதில்லை. எண்பது வயதில் சாகவேண்டும் என்பது விதி. சாகப்போகும் தாத்தா, அழிக்கப்பட்ட கவிதைகளில் இரண்டைப் பேத்தியிடம் சேர்த்துவிட்டுப் போகிறார். அவற்றில் ஒன்று டிலன் தாமஸ் எழுதியது. அந்தக் கோடையில் பிள்ளைகளுக்கு மலையேற்றப் பயிற்சி. யாரும் பார்க்காத இடத்தில் கய், ஒரு குச்சியால் மண்ணில் எழுத்துகளை வரைந்து அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறான். அவர்களுடைய காதல் எழுத்துப் பாடமாகத்தான் வளர்கிறது. மாணவச் செல்வங்களே, காதலைப் பற்றி எழுதப்பட்ட காட்சிகளில் இவ்வளவு கண்ணியமான காட்சியை நான் அதிகம் படித்ததில்லை. 

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் லோயிஸ் லோரி. அவருடைய ‘தி கிவர்’ 1993இல் வந்து, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. நிறமே தெரியாத ஊர் அது. பருவ வயது உணர்ச்சி எழுந்தால் அடக்குவதற்கு மாத்திரை. பழைய உலகின் நினைவுகளைச் சுமக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு வயது ஜோனஸ், ஒருநாள் அம்மா அப்பாவிடம், உங்களுக்கு என்மேல் அன்பு உண்டா என்று கேட்கிறான். அவர்கள் சிரித்துவிட்டு, இப்படித் தெளிவில்லாமல் பேசாதே என்று திருத்துகிறார்கள். திரும்பிப் பார்த்தால், பிறகு வந்த இளையோர் டிஸ்டோபியாக்கள் பலவும் அந்தப் பையனுக்குக் கிடைக்காத பதிலைத் தேடிக்கொண்டு போனவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரியவர்களுக்கு எழுதப்பட்ட டிஸ்டோபியாவோடு இதை ஒப்பிடாமல் இருக்கமுடியாது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ 1949இல் வந்தது. அதிலும் ஒரு காதல் உண்டு. வின்ஸ்டனும் ஜூலியாவும். அரசு அவர்களைச் சித்திரவதை செய்து, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவைத்து, காதலையே கொன்றுவிடுகிறது. மாபெரும் நாவல், சந்தேகமில்லை. ஆனால் பதினைந்து வயதில் அந்த முடிவு மட்டும் கையில் கிடைத்தால், எதிர்த்துப் பயனில்லை என்றுதானே அந்தப் பிள்ளை நினைக்கும்? இளையோர் நாவலாசிரியர்கள் கதவை முழுதாக அடைப்பதில்லை. இது இலக்கியத்தில் ஒரு பலவீனம் என்று சொல்லும் விமரிசகர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வாழ்க்கையைத் தொடங்கப் போகிறவர்களிடம் பேசும்போது எழுத்தாளருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. அந்தப் பொறுப்பை இவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவின் சரக்கு, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை இந்த அவையில் உள்ள பெரியவர்கள் வாராவாரம் காத்திருந்து படித்திருப்பீர்கள். ஜீவா என்ற ஆட்சியாளர். இரண்டு எழுத்துக்கு மேல் பெயர் வைத்துக்கொள்ள முடியாத மக்கள். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதிக்குக் காத்திருக்கும் நிலா. காணாமல் போகும் அவள் கணவன் சிபி. ஜீனோ என்ற இயந்திர நாய்! அன்றைக்கு அதை ரசித்துப் படித்தவர்கள், இன்றைக்கு மகள் ‘டெலிரியம்’ படித்தால் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? அது எந்த வீட்டுக் கதையோ அந்த வீட்டுக் கதைதான் இதுவும்.

இன்னும் பின்னால் போகலாம். பாலைத் திணைக்குப் பொழுது எது? வேனில். உரிப்பொருள் எது? பிரிவு. வீட்டார் சம்மதிக்காத காதலர்கள், கொதிக்கும் கோடையில் பாலை வழியே உடன்போகும் பாடல்கள் சங்கத் தொகைகளில் எத்தனை! வழியில் காண்போர் அவர்களைப் பார்த்து இரங்குகிறார்கள். தேடி வரும் செவிலித் தாய்க்கு ஆறுதல் சொல்கிறார்கள். வேலி தாண்டிக் காட்டுக்குள் ஓட நினைக்கும் லீனாவைப் புரிந்துகொள்ள நமக்கு யார் உதவியும் வேண்டாம்.

அந்தப் பாடல்களைப் பாடிய மண்ணில்தான் இன்று ஆணவக் கொலைகள் நடக்கின்றன. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். 2016 மார்ச் மாதம் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணம் செய்துகொண்ட ஓர் இளைஞர், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, மனைவியின் கண் முன்னாலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிந்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. யார் யாரை நேசிக்கலாம் என்று பட்டியல் போடும் அதிகாரம், மீறினால் உயிரை எடுக்கும் அதிகாரம், வருங்கால அமெரிக்காவில் மட்டுமா இருக்கிறது? ‘மேட்ச்ட்’ படிக்கும் அமெரிக்கப் பெண்ணுக்கு அது கற்பனை. நம் ஊர்ப் பெண்ணுக்குப் பாதி செய்தித்தாள். அரசு இருந்த இடத்தில் சாதியை வைத்துப் படியுங்கள். பல பக்கங்கள் அப்படியே பொருந்தும். இந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் மனத்தில் ஒரு கதை வழியாக எழுமானால், அந்தக் கதையை நான் கைகூப்பி வரவேற்பேன்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ‘ஹங்கர் கேம்ஸ்’ வெற்றிக்குப் பிறகு பதிப்பகங்கள் அதே அச்சில் நூல்களை வார்த்துத் தள்ளின. ஒரு பெண், இரண்டு பையன்கள், மூன்று பாகம். ஒரே நூலில் முடிய வேண்டிய கதையை மூன்றாக இழுத்ததால் நொந்துபோன தொடர்கள் உண்டு. வெரோனிகா ராத் ‘டைவர்ஜென்ட்’டைக் கல்லூரி நாட்களில் எழுதி, 2011இல் இருபத்திரண்டு வயதில் வெளியிட்டார். பாழடைந்த சிகாகோவில் மக்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்து வாழ்கிறார்கள். பதினாறு வயதில் ஒவ்வொருவரும் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பாகத்தில் அந்தத் தேர்வுக் காட்சி அற்புதம். ஆனால் அந்த உலகம் ஏன் அப்படி ஆனது என்று பின்னால் தரும் விளக்கம் எனக்கு வலுவாகப் படவில்லை. கீரா காஸின் ‘தி செலக்‌ஷன்’ போன்றவற்றில் உடையலங்காரத்துக்குக் கிடைத்த இடம் பசிக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளே, பிடித்த புத்தகத்திலும் எது சரியில்லை என்று கேட்டுப் பழகுங்கள். கொடுங்கோலை எதிர்க்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

இந்த நூல்களைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு. ‘ஹங்கர் கேம்ஸ்’ நூல்களைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லி வந்த புகார்கள் ஏராளம். அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, அதிக எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் பட்டியலில் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் அது இடம்பெற்றது. வெறும் பொழுதுபோக்கு என்றால் இத்தனை அச்சம் ஏன்?

அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நாவலில் மாவட்ட மக்கள் நடுவில் உள்ள மூன்று விரல்களையும் உயர்த்தி காட்னிஸுக்கு மரியாதை செய்வார்கள். 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கூட்டம் கூடத் தடை. அப்போது இளைஞர்கள் தெருவில் நின்று அந்த மூன்று விரலை உயர்த்தினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் பிரதமர் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர்கள் ஐந்து பேர் எழுந்து அதே சைகையைக் காட்டினார்கள், பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மருத்துவமனைகளில் மருத்துவர்களும் செவிலியர்களும் அதே மூன்று விரலை உயர்த்தினார்கள். அதே மாதம் ஐக்கிய நாடுகள் சபையில் மியான்மரின் தூதர் இராணுவத்தை எதிர்த்துப் பேசி முடித்துவிட்டு, அந்த உலக மன்றத்தில் மூன்று விரலை உயர்த்தினார். பிள்ளைகள் படிக்கிற புத்தகம் என்று சொன்னோமே, அதிலிருந்து வந்தது அந்த விரல்!

ஆகவே இந்த அவையில் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

பெற்றோர்களே, இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளை கையில் இருக்கும் நாவலைப் பிடுங்காதீர்கள். படித்து முடித்ததும் அதை வாங்கி நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு, நீ லீனாவாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் மகளுடைய மனத்தில் இருப்பதை ஒரு கதாபாத்திரத்தின் பெயரில் அவள் உங்களிடம் சொல்லக்கூடும். நேராகக் கேட்டால் சொல்லமாட்டாள்.

நூலக நண்பர்களே, குழந்தைகள் பகுதி இருக்கிறது, பெரியவர்கள் பகுதி இருக்கிறது, போட்டித் தேர்வுப் பகுதி நிரம்பி வழிகிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்று ஓர் அலமாரி ஒதுக்குங்கள். ஆங்கில நூல்களும் இருக்கட்டும், தமிழ் நூல்களும் இருக்கட்டும். எந்த நூல் வேண்டும் என்று அவர்களையே கேட்டு வாங்குங்கள்.

எழுத்தாளர்களே, உங்களிடம்தான் பெரிய வேண்டுகோள். தமிழில் சிறு குழந்தைகளுக்கு எழுதுகிறோம், பெரியவர்களுக்கு எழுதுகிறோம். பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்கு எழுதியது மிகக் குறைவு. பசி நம்மிடம் இருக்கிறது, சாதி நம்மிடம் இருக்கிறது, மதிப்பெண் என்ற பெயரில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது, இவற்றையெல்லாம் மீறி நேசிக்கத் துணியும் பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு நாவல் எழுதிக் கொடுங்கள். அடுத்த கோடை விடுமுறைக்குள் எழுதிக் கொடுங்கள்.